ஆபிரகாம் பண்டிதரின் இல்லறமும் இறைத்தொண்டும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருச்சபைப் பற்றும் குடும்பப் பற்றும் ஒருங்கே அமைந்த பெரியார் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்டது தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அவர்களின் வரலாறு. இசை நூலாசிரியர் என்ற அளவில் அவரை அறியாதார் நம்முட் சிலரே. அவர் எத்தகைய இல்லறத்தார் என்பதை அறிந்தார் அதனினும் சிலர். ஆதலின் இன்று அவரை அவர்தம் வீட்டு வாயில் வழியே சென்று காண்போம்.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த சாம்பவர்வடகரையில், கிறிஸ்தவ நாடார் குடும்பத்திற் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே இசையிலும் மருத்துவத்திலும் அவருக்கு நாட்டம் முதிர்ந்தது. சுருளிமலையில் வாழ்ந்த கருணானந்தர் என்னும் சித்தரை அடுத்து மருந்து முறைகளைக் கற்றார். பின்னர்த் தஞ்சைக்கு வந்து, மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளோடு ஒரே பெண்பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தார். அப்பள்ளியின் தலைமை மனைவியாரிடமும், தமிழாசிரியப் பணி கணவரிடமும் இருந்தன. மனைவியின் கீழ்ப் பணி செய்வதைத் தாழ்வென அவர் கருதினாரல்லர். அக்காலத்தை எண்ணிப் பார்ப்பார்க்கு இஃது ஒன்றே அவர்தம் உள்ளத்தின் அளவைக் காட்டும்.

1890-இல் வேலையை விட்டு மருத்துவத்தில் முழுதும் இறங்கினார். மருந்துகள் நாடெங்கும் பரவின, பெரும்பொருள் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே தோட்டம் அமைத்து மூலிகையும் கரும்பும் பயிரிட்டார். 1909-இல் அரசினர் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் அளித்தனர். ஆயினும் தாம் அமைத்த தோட்டத்திற்கும், தாம் செய்த மருந்திற்கும், தாம் எழுதிய நூலுக்கும் தம் பெயரை இட்டிலர்; தம் ஆசிரியராகிய கருணானந்தரின் பெயரையே நினைவாக வைத்தார். தம் கிறிஸ்தவ விசுவாசத்தில் அணுவளவும் தளராதவர், சித்தர் ஒருவரிடம் பெற்ற கல்விக்கு வாழ்நாள் முழுதும் நன்றி பாராட்டினார். ஆலயத்திற்குச் செல்வோரும் கோயிலுக்குச் செல்வோரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் நம் சங்கத்திற்கு இது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி அவர்தம் பக்தியைக் காண்போம். இசை பயிலத் தொடங்கும் பிள்ளைகள் பொருள் விளங்காத பிறமொழிப் பாட்டுகளையே மனப்பாடம் செய்வது கண்டு வருந்தினார். கீதம், சுரஜதி, கீர்த்தனம் ஆகியவற்றைத் தமிழிலேயே இயற்றி, இறைவன் புகழை அவற்றுட் பொதிந்து, 1907-இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என வெளியிட்டார். தாம் அடைந்த இறையின்பம் பிள்ளைகள் நாவிலும் ஊற வேண்டுமென்பதே அவர் கருத்து.

1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் பொருளாலேயே மாநாடுகள் கூட்டினார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதிகள் என்பது சார்ங்கதேவர் வழிவந்த கொள்கை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்த பண்டிதரோ 24 என நிறுவ முயன்றார். கற்றோர் எல்லாரும் அதனை ஒப்பினர் அல்லர். எனினும் 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிற்குச் சென்று தம் கொள்கையை எடுத்துரைத்தார். அங்கு அதனை வீணையாலும் குரலாலும் மெய்ப்பித்துக் காட்ட அவர் யாரை உடனழைத்துச் சென்றார்? பெயர் பெற்ற வித்துவான்களை அன்று. தம் பெண்மக்களையே அழைத்துச் சென்றார்! பெண்கள் அவையேறிப் பாடுதலைக் குடும்பத்திற்கு இழுக்கென உலகம் எண்ணிய காலம் அது.

1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' தம் சொந்த அச்சகத்தில் அச்சாயிற்று. இரண்டாம் பகுதி வெளிவருமுன் 1919 ஆகஸ்டில் பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். அப்பகுதியை 1946-இல் வெளிக்கொணர்ந்தவர் அவர்தம் மகளார் மரகதவல்லி அம்மையார். மகனார் வரகுணபாண்டியனாரும் யாழைப் பற்றி நூலெழுதினார். தந்தை மறைந்து 27 ஆண்டுகள் கழிந்தும் ஏடுகளைக் கறையானுக்கு இரையாக்காது காத்தது எது? செல்வமா? செல்வம் மட்டும் பெற்ற பிள்ளைகள் ஏட்டை எடைக்குப் போடுவர். தந்தையின் உழைப்பிற் பங்கு பெற்ற பிள்ளைகளே அதனைத் தம் கடனென ஏற்பர்.

அன்பர்களே! நம் வீடுகளில் பெண்மக்கள் இன்று படிக்கின்றனர், பட்டமும் பெறுகின்றனர். ஆனால் மணவோலை அச்சாகும் நாளில் அக்கல்வி எங்கே போகிறது? திருமணப் பந்தலுக்குக் கடன் வாங்கும் நாம், அவள் கேட்கும் புத்தகத்திற்கு யோசிக்கிறோம். நம் தொழிலின் கணக்கையாவது மகளுக்குக் காட்டுகிறோமா? ஞாயிறு தவறாது ஆலயம் செல்வதும், வெள்ளி தவறாது கோயில் செல்வதும் நன்றே. ஆயினும் நம் உள்ளத்தில் உள்ள நல்ல பொருள் மனைவி மக்களோடு பகிரப்படாவிடின், அது நம்மோடே மண்ணிற் போகும்.

பண்டிதர் நம் குலத்தவர் எனப் பெருமை பேசுதல் எளிது. அவர் வீடு போல் நம் வீட்டை ஆக்குதல் அரிது. இன்றிரவு வீடு திரும்பியதும், மகளை அருகழைத்து, "அம்மா, நீ கற்றதை எனக்குச் சொல்" என்று நாம் ஒவ்வொருவரும் கேட்போமாக. இக்கூட்டத்தின் பயன் அதுவே.