முன்வரிசை யாருக்கு?

(ஆசிரியர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளை நாடகம் பார்க்க அழைத்துப் போவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நாடகத்தில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆனாலும் என் அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். துரியோதனன் பாட்டு அவருக்குப் பாதி மனப்பாடம். துரியோதனன் முகத்தில் என்ன வண்ணம் என்று கேட்டால் தெரியாது. ஊர்த்தெருவில் விடிய விடிய நடந்த கூத்தைச் சேரி எல்லையில் நின்று கேட்டவர் அவர். பார்த்தவர் இல்லை.

எங்கள் காலனியில் மாலை வகுப்புக்கு வரும் 34 பிள்ளைகளை நகரத்து அரங்கு ஒன்றுக்கு அழைத்துப் போனேன். ஆறாவது முதல் எட்டாவது வரை படிப்பவர்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று அம்மாக்கள் சொன்னதால் பகல் காட்சி. சீக்கிரமே போய்விட்டோம். முன்வரிசைகள் காலியாக இருந்தன. "நீங்க பின்னாடி உக்காருங்க, ஸ்கூல் பசங்க வர்றாங்க" என்றார் ஏற்பாட்டாளர் ஒருவர். எங்கள் பிள்ளைகளும் சீருடையில்தான் இருந்தார்கள். தனியார் பள்ளிப் பேருந்து வந்து நின்றது.

மைக் கிடைத்தால் சாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நான், வாய் திறக்காமல் பிள்ளைகளைப் பின்னால் நகர்த்தினேன். யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

சினிமாவில் எங்கே உட்கார்ந்தாலும் ஹீரோ நம்மைப் பார்க்கப் போவதில்லை. நாடகத்தில் நடிகர் நம்மைப் பார்க்கிறார், நம் சிரிப்புக்கு நிற்கிறார், நாம் கத்தினால் பதில் சொல்கிறார். அன்றைக்கும் நடிகர் கேள்வி கேட்டார். முன்வரிசைக் கைகள்தான் அவருக்குத் தெரிந்தன. திரும்பும்போது வேனில் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அக்கா, நாங்க கை தூக்குனது அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அடுத்த முறை கூத்து. முன்னதாகவே போன் செய்து, முதல் இரண்டு வரிசை வேண்டும் என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் வேன் பேசினேன். அப்பாவையும் ஏற்றிக்கொண்டேன். துரியோதனன் திரைக்கு வெளியே வந்ததும், "இவ்ளோ செவப்பா!" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு அவர் பேசவில்லை.

கட்டியக்காரன் எங்கள் பக்கம் திரும்பி, "ராஜா வர்றாரு, எல்லாரும் எந்திரிங்க" என்றார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "எதுக்கு?" என்று கத்தினான். கூட வந்த ஆசிரியர் உடனே "உஷ்" என்றார். கட்டியக்காரன் விடவில்லை. "பையன் கேக்குறான்ல, பதில் சொல்லுங்க ராஜா" என்று துரியோதனனை மடக்கினார். அரங்கமே சிரித்தது. எழுதி வைத்ததைத் தாண்டி மேடையில் பேச முடியும் என்பது சாதாரண விஷயமில்லை, தோழர்களே. 1954இல் சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்ததற்குப் பின்னால் எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் இருந்தன. அதனால் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த "உஷ்" வேண்டாம். கழிப்பறை எங்கே என்று முதலில் காட்டுங்கள், பேருந்தில் தலையை எண்ணுங்கள். சிரிப்பையும் கேள்வியையும் விட்டுவிடுங்கள்.

பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அடுத்த சிக்கல். பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறார்கள். "எதுக்கு?" என்று கேட்ட அதே பையனுக்குப் பறை கொடுத்திருக்கிறார்கள். வசனம் கிடையாது. அவனுடைய தாத்தா சாவுக்குப் பறையடித்தவர் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். பறை இழிவு என்று நான் சொல்லவில்லை. பிடித்துக் கேட்டு வாங்கியிருந்தால் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். அவன் கேட்டது கட்டியக்காரன் வேடம். போய்ப் பேசியிருக்கிறேன், இந்த முறை வாயைத் திறந்துதான். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவன் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்.