சில்லிசையை வீட்டாருக்குக் கேட்பித்தல்



பழைய கணினிகளிலும் விளையாட்டுப் பொறிகளிலும் உள்ள ஒலிச் சில்லுகளால் ஆக்கப்படும் இசையைச் 'சிப் மியூசிக்' என்பர். யான் சில்லிசை என்பேன். அதை என் தகப்பனாருக்கு முதன்முதல் கேட்பித்தபோது, "என்ன தம்பி, மணிக்கூடு அலறுதோ?" என்றார். மனம் நொந்தேன். ஆயினும் பிழை என்னுடையதே. சரித்திரம் முழுவதையும் அளந்துவிட்டு, மிக வேகமான பாட்டொன்றை உரத்து ஒலிக்க விட்டேன். அதுவும் செய்தி கேட்கும் நேரத்தில்!

மறுமுறை ஒன்றை மாத்திரமே சொன்னேன். 1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியின் சில்லுக்கு மூன்றே குரல்கள். ஒரு குரலில் ஒரு வேளைக்கு ஒரு சுரந்தான். மூன்று சுரங்கள் சேர்ந்தொலிக்க வேண்டுமாயின், றொப் ஹபர்ட் முதலானோர் ஒரே குரலில் அவற்றைக் கண்ணிமைக்கு முன் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வர். சேர்த்துக்கொள்வது நம் செவியே. எஞ்சிய இரு குரல்களும் பாட்டுக்கும் தாளத்துக்கும் ஆகும். இந்த உபாயத்தை முதலில் மெதுவாகவும், பின்பு படிப்படியாக விரைவாகவும் ஒலித்துக் காட்டினேன். பாட்டை அதன் பிறகே போட்டேன்.

தகப்பனார் பத்திரிகையை மடித்து வைத்தார். "மூண்டு குரல்தானோ? திரும்பப் போடு பாப்பம்" என்றார்.