பொம்மையைத் திறந்தவர்கள் எழுதிய ஏடுகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இன்று நாம் ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றியும், அதனைக் காரணமாகக் கொண்டு எழுந்த சில நூல்களைப் பற்றியும் பேச விழைகின்றோம். இது சிறுவர் பொருள்தானே என்று பெரியோர் எண்ணிவிட வேண்டா. இதனுள் நம் காலனிக்கு உரிய பாடம் ஒன்று உண்டு.

டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அத்தொழிலே லெகோ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயரில் ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பிள்ளைகள் தாமே ரோபோ என்னும் இயந்திரப் பாவையைப் பூட்டி இயக்குவதற்கான பெட்டி அது.

அப்பெயர் சீமோர் பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட நூலின் பெயர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய அவ்வறிஞர், இளமையில் பற்சக்கரங்களோடு பழகியதே தமக்குக் கணிதத்தின் வாயிலைத் திறந்தது என்று அந்நூலின் முன்னுரையில் கூறுகின்றார்.

பெட்டியின் உயிர்நாடி ஆர்.சி.எக்ஸ். என்னும் மஞ்சள் கட்டை. அதனுள்ளே ஹிட்டாச்சிச் செயலி ஒன்றும், 32 கிலோபைட்டு நினைவகமும் இருந்தன. அதில் மூன்று உணரிகளைப் பொருத்தலாம். மூன்று மோட்டார்களை இயக்கலாம். கணிப்பொறியில் எழுதிய கட்டளைகளை அகச்சிவப்புக் கதிர் வழியே அதனுள் செலுத்திவிட்டால், பின்னர் அது தன்னந்தனியே இயங்கும்.

பெட்டியோடு வந்த கட்டளை முறை பிள்ளைகளுக்கு எளிதாய் இருந்தது. ஆயினும் வல்லவர்க்கு அதன் எல்லை விரைவிலேயே தென்பட்டது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து மாணவரான கெகோவா பிரௌட்புட் அந்தக் கட்டையின் உட்செயலை ஆராய்ந்து, கண்டதை உலகறிய வெளியிட்டார். அதனைத் துணைக்கொண்டு டேவ் பாம் என்பவர் என்.கியு.சி. என்னும் நிரல்மொழியை ஆக்கினார். ஜெர்மானியரான மார்க்கஸ் நோகா கட்டையின் இயக்க முறையையே மாற்றிப் புதிதாக ஒன்றை எழுதினார்.

நிறுவனம் என் செய்தது? வழக்குத் தொடுத்திருக்கலாம்; தொடுக்கவில்லை. மென்பொருளின் உரிம வாசகத்திலேயே, பயன்படுத்துவோர் அதனைப் பிரித்து ஆராயும் உரிமைக்கு இடமளித்தது. பிற்காலத்தில் 2006-இல் அடுத்த தலைமுறைக் கட்டையை வெளியிடுமுன், இத்தகைய ஆர்வலர் சிலரையே அழைத்து யோசனை கேட்டது. திறந்து பார்த்தவன் பகைவன் ஆகவில்லை, துணைவன் ஆனான்.

இவ்வாறு கண்டவற்றைத் திரட்டிக் கைநூல்கள் எழுந்தன. ஜானதன் நட்சன் 1999-இல் ஒரு நூல் எழுதினார். டேவ் பாமின் நூலும் வந்தது. அடுத்துச் சிறிது காலத்தில், மரியோ பெராரி, ஜூலியோ பெராரி என்னும் இத்தாலியர் இருவர், ரால்ப் ஹெம்பெல் என்பவரோடு சேர்ந்து விரிவான நூல் ஒன்றைத் தந்தனர்.

அந்நூல்களின் சிறப்பை எடுத்துக்காட்டு இரண்டால் உணர்த்துவோம். லெகோக் கட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர்; உயரம் 9.6 மில்லிமீட்டர். அகலமும் உயரமும் ஒவ்வாமையால், அடுக்கிய கட்டைகளின் மேல் ஒரு சட்டத்தை நெடுக்காக வைத்துப் பூட்ட முயன்றால் துளைகள் பொருந்தா. ஆனால் 3.2 மில்லிமீட்டர் உயரமுள்ள தகடுகள் இரண்டை இடையே வைத்துப் பாருங்கள். 9.6-உம் 6.4-உம் சேர்ந்து 16 ஆகும். அது அகலத்தின் சரியான இருமடங்கு! உடனே துளைகள் நேராகின்றன. நெடுக்குச் சட்டம் பொருந்துகிறது. கூட்டிய உருவம் கீழே விழுந்தாலும் எளிதில் சிதறுவதில்லை.

இனிப் பற்சக்கரம். 8 பற்கள் உடைய சக்கரம் 24 பற்கள் உடையதைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும். உராய்வினால் இழப்பது நீங்கலாக, முறுக்குவிசை மும்மடங்காகும். மோட்டார் ஏற்ற மாட்டாத மேட்டில் வண்டி ஏறுவது இதனால்தான். பெட்டியோடு வரும் படங்கள், இன்ன துண்டை இன்ன இடத்தில் பூட்டு என்று மட்டுமே காட்டும். கைநூல்களோ ஏன் என்பதைச் சொல்லும். படம் பார்த்துப் பூட்டிய பிள்ளை அந்த ஒரு வண்டியைச் செய்வான். காரணம் அறிந்த பிள்ளை நூறு வண்டிகளைச் செய்வான்.

மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையை 2022-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுவனம் நிறுத்திவிட்டது. மஞ்சள் கட்டை அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே விற்பனையினின்று மறைந்தது. எனினும் அக்கைநூல்கள் சொன்ன பற்சக்கரக் கணக்கு மறையவில்லை. பழைய மிதிவண்டிச் சக்கரத்துக்கும் அது பொருந்தும். மூங்கிற் பட்டையால் செய்த வண்டிக்கும் பொருந்தும். பொருள் போயிற்று, ஏடு நிற்கிறது.

அன்பர்களே, இப்போது நம் காலனிக்கு வருவோம். நம்மிடையே நாற்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் இருக்கின்றனர். சக்கரத்தின் ஓசையைக் கேட்டே அதன் குறையைச் சொல்ல வல்லவர்கள். அவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்புகின்றனர். ரயில் நிலையம் வரை சென்று மாலையிட்டு வழியனுப்புகின்றோம். அவர்களோடு அவர்தம் அறிவும் வண்டி ஏறிவிடுகிறது. ஒரு வரியேனும் எழுதி வாங்கி வைத்தோமா?

நம் பிள்ளைகளோ வீட்டில் தமிழ் பேசுகின்றனர்; எழுதச் சொன்னால் கூசுகின்றனர். திருக்குறளை மனப்பாடம் செய்து பரிசு வாங்குவதோடு அவர்களுடைய தமிழ் நின்றுவிடுகிறது. தம் கையால் செய்த ஒன்றைத் தமிழில் விளக்க வேண்டிய தேவையை நாம் அவர்களுக்குத் தந்ததே இல்லை. அது அவர்கள் குற்றமா, நம் குற்றமா?

ஆதலின் ஒரு வேண்டுகோள். வீடுதோறும் பரண்மீது கிடக்கும் பழைய பொம்மைப் பெட்டிகளைச் சங்கத்துக்குத் தாருங்கள். துண்டு குறைந்திருந்தால் தாழ்வில்லை. ஞாயிறுதோறும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு அமரட்டும். பிரிக்கட்டும், பூட்டட்டும், பிழை செய்யட்டும். செய்தது எப்படி, கெட்டது ஏன் என்பதை அன்றன்றே தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவோம், எழுதியவரை நகையோம்.

அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கங்களை அக்குறிப்புகளுக்கு ஒதுக்குமாறு மலர்க் குழுவினரை வேண்டுகின்றோம். இப்பேச்சைவிட அப்பக்கங்களே நம் சங்கத்துக்குப் பெருமை தரும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!