வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பதித்தல்
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் இக்காலத்தில் முதலில் விரும்புவது தரைக்கு டைல்ஸ் பதிப்பதையே. அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் குடும்பத்துடன் கடைக்குச் சென்று, விளக்கொளியில் பளபளக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டைல்ஸைப் பார்க்கும் கண், அதன் அடியில் இருக்கும் தளத்தைப் பார்ப்பதில்லை. தரை கெடுவதோ பெரும்பாலும் அடியிலிருந்துதான்.

இருக்கும் தரையைப் பெயர்க்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். நன்றாக இழைத்துப் போட்ட காவித் தரை வெடிப்பும் ஓதமும் இன்றி இருக்குமானால், அதனை உடைப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

கோவில்பட்டி, விளாத்திகுளம் போன்ற கரிசல் பூமியில் மழைக்கு மண் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அம்மண்ணின் மேல் எவ்வளவு உயர்ந்த டைல்ஸ் பதித்தாலும் பிளந்துவிடும். ஆகையால் தரைக்கு அடியிலுள்ள கரிசலை எடுத்துவிட்டு, கிராவலோ மணலோ நிரப்பி, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து, அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட் தளம் போடுதல் வேண்டும். பழைய தரையின் மேலேயே பதிப்பதாயின், அதனைக் கொத்திவிட்டுக் கழுவிய பின்னரே பதிக்க வேண்டும். தரை உயர்வதால் கதவு இடிக்கும். வாசற்படி தாழ்ந்து மழைநீர் உள்ளே புகவும் கூடும். இவற்றை முன்னரே அளந்து பார்த்தல் நலம்.

இனி, தேர்வைப் பற்றி. சுவருக்கென்று செய்யப்படும் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்திற்கு மேல் நீரை உறிஞ்சும். மலிவென்று அதைத் தரையில் போடலாகாது. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதங்கூட உறிஞ்சாது, உறுதியானது. ஆனால் பளபளப்பு மிக்க வகை நீர்பட்டால் வழுக்கும். வயலிலிருந்து ஈரக் காலுடன் வருகிற வீடு நம்முடையது. வயது முதிர்ந்தவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்தச் செலவும் துன்பமும் தரையின் செலவைப் போலப் பல மடங்காகும். எனவே திண்ணைக்கும், அடுப்படிக்கும், குளியலறைக்கும் சொரசொரப்பானதையே வாங்குங்கள். கடையிலேயே மாதிரியின்மேல் நீர் தெளித்து வெறுங்காலால் மிதித்துப் பார்க்கலாம். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கூடத்திற்கு அழகு வேண்டுவோர்க்குச் சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் செய்யப்படும் கல் உண்டு. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்துச் செய்வது அது. புழங்கப் புழங்க மெருகேறும். ஆசிட் மட்டும் ஊற்றலாகாது.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 12 அடிக்கு 10 அடி அறை 120 சதுர அடி. 2 அடிச் சதுர டைல்ஸ் 30 வேண்டும். பழைய வீட்டுச் சுவர் நேராக இராது. வெட்டுச் சேதத்திற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 33. பெட்டிக்கு 4 வீதம் 9 பெட்டி வாங்குக. எல்லாப் பெட்டியிலும் நிற எண் ஒன்றாக இருக்கட்டும். மிஞ்சுவதைப் பிற்காலப் பழுதுக்கு வைத்திருங்கள்.

செராமிக் டைல்ஸை நீரில் ஊறவைத்துப் பதிக்க வேண்டும். விட்ரிஃபைடு நீரை உறிஞ்சாதாகையால் வெறும் சிமெண்டு சரியாகப் பிடிக்காது. அதற்குரிய பசை வேண்டும். நான்கு மூலையிலும் கலவையை உருண்டையாக வைத்து ஒட்டிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நடுவில் பொள்ளல் விழும்; நெல் மூட்டையை இறக்கினால் அங்கேதான் உடையும். கலவை இறுகிய பிறகு ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஒலி கேட்கும் இடத்தில் சுண்ணக் கட்டியால் குறியிட்டு, அதைப் பெயர்த்துப் பதித்த பின்னரே மீதிக் கூலியைக் கொடுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களும் அங்கன்வாடியிலும் பொதுக் கழிப்பறையிலும் இவ்வாறே தட்டிப் பார்க்கலாம். கழிப்பறைத் தரைக்கு 5 அடிக்கு 1 அங்குலம் நீர் வாட்டம் வேண்டும். பில்லுக்கு ஒப்பமிடுமுன் ஒரு வாளி நீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.