நாளந்தாவில் ஆசிரியரும் மாணவரும்



வீட்டை விட்டு நெடுந்தொலைவு சென்று பயிலும் மாணவனுக்கு நூல்களைக் காட்டிலும் அரிதாகக் கிடைப்பது ஒன்று உண்டு. மனம் திறந்து பேசத் தக்க ஒரு மனிதரே அது. அத்தகைய ஒருவரை ஒவ்வொரு மாணவனுக்கும் விதியாகவே அமைத்துக் கொடுத்த பழைய கல்விநிலையம் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

பீகாரில் உள்ள நாளந்தா, 5-ஆம் நூற்றாண்டில் குப்த மன்னர் காலத்தில் எழுந்த பௌத்த மகாவிகாரம். காஞ்சிபுரத்தில் தோன்றிய தருமபாலர் அங்கே பேராசிரியராக விளங்கினார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 671-இல் சீனத்தினின்று புறப்பட்ட இத்-சிங் என்னும் துறவி, நாளந்தாவில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் தங்கிப் பயின்றார். 8 மண்டபங்களும் 300 அறைகளும் கொண்ட அவ்விடத்தில் 3,000-க்கு மேற்பட்ட துறவிகள் வாழ்ந்தனர் என்று அவர் எழுதியிருக்கிறார்.

இத்துணைப் பெருங்கூட்டத்தில் ஓர் இளைஞன் தனியனாகிவிட மாட்டானா? அவ்வாறு ஆகாமல் காத்தது 'விநயம்' என்னும் சங்க ஒழுக்க விதி. இளந்துறவி ஒவ்வொருவனுக்கும் உபாத்தியாயர் ஒருவர் உண்டு. இரவின் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் மாணவன் அவரிடம் செல்வான். அவர் முதலில் அவனை வசதியாக அமரச் செய்வார், பிறகே பாடம். அவன் ஒழுக்கத்தைக் கவனித்துக் குறை கண்டால் திருத்துவார். அவன் நோயுற்றாலோ, தாமே மருந்து தேடித் தந்து, பெற்ற பிள்ளையைப்போல் பேணுவார்.

உடல்நோயோடு விதி நின்றுவிடவில்லை. துறவு வாழ்வில் மாணவனுக்குச் சலிப்புத் தோன்றினால் அதைத் தணிப்பதும், தன் செயலைக் குறித்து அவன் மனம் உறுத்தினால் அவ்வுறுத்தலைப் போக்குவதும் உபாத்தியாயரின் கடமைகள். தவறான கொள்கையில் அவன் விழுந்தால், அதற்கும் முதல் மருந்து உரையாடலே.

வியக்கத் தக்கது மற்றொன்றும் உண்டு. இதே கடமைகள் மாணவனுக்கும் விதிக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் மனம் கலங்கினால் மாணவன் தேற்ற வேண்டும். அவர் நோயுற்றால் குணமாகும் வரை உடனிருந்து பணிசெய்ய வேண்டும். இன்று பெறுபவன் நாளை தருபவன். ஆதலின், உதவி நாடுவதில் இழிவுக்கு இடமேது?

நாளந்தாவில் இன்று எஞ்சியிருப்பவை செங்கற் சுவர்களே. 2016-இல் அவை உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. சுவர்களைக் காக்க அரசாங்கம் இருக்கிறது; அவற்றினுள் வாழ்ந்த அன்பைக் காக்க வேண்டியவர்கள் நீங்கள். விடுதியில் உங்கள் பக்கத்து அறை நண்பன் இரண்டு நாளாக உணவுக்கு வரவில்லையா? சென்று கதவைத் தட்டுங்கள். உங்கள் கதவு தட்டப்படும்போது, தயங்காமல் திறவுங்கள்.