கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

வேலையில் கவனமாக இருக்கும் தொழிலாளியை எந்த மேலதிகாரிக்கும் பிடிக்கும். அந்தக் கவனத்தால் வேலை ஐந்து நிமிடம் நின்றுபோனால்? அப்போதும் பிடிக்குமா?

கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் இருந்த கார் ஆலை ஒன்று இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

1982 வரை அதை ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியது. என்ன ஆனாலும் கார்கள் நகர்ந்து வரும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது என்பதே அங்கே சட்டம். போல்ட் சரியாக முடுக்கப்படவில்லை என்று தெரிந்தாலும் கார் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடும். பழுதைக் கடைசியில் பார்த்துக்கொள்வார்கள். கண்டதைச் சொன்னால் திட்டு, சொல்லாவிட்டால் நிம்மதி என்றிருந்தால் யார்தான் உற்றுப் பார்ப்பார்கள்? ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்களும் உண்டு. வந்தவர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஓயாத சண்டை. கடைசியில் ஆலையை மூடினார்கள்.

1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக, நம்மி என்ற பெயரில் அதை மறுபடி திறந்தன. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள். சங்கமும் பழைய சங்கம்தான். பலரைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கே அனுப்பினார்கள்.

அங்கே டொயோட்டா ஆலையில் லைனையொட்டி, தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. பழுதைக் கண்டவர் அதை இழுத்ததும் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் விரைந்து வருவார். யார் தப்பு என்று கேட்க மாட்டார். என்ன சிக்கல் என்று கேட்டு, தானும் வேலையில் இறங்குவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டால் மறுபடி இழுத்து விளக்கை அணைப்பார்கள். இல்லாவிட்டால்தான் லைன் நிற்கும்.

அதே கயிறு ஃபிரீமான்டுக்கும் வந்தது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேராகக் குறைந்தார்கள். கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்கு இணையாக உயர்ந்தது. தொழிலாளி உற்றுப் பார்க்கத் தொடங்கினார். அவர் கண்ணை நம்பி மேலாளரும் நடக்கத் தொடங்கினார்.

லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலும் இந்த முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள். கயிறு வந்தது; இழுத்தவருக்கு உதவ ஓடிவரும் பழக்கம் வரவில்லை. 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் நேயர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். "சார், இங்கே ஏதோ சரியில்லை" என்று ஒருவர் வந்து நின்றால், "யார் செஞ்சது?" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். "எங்கே, காட்டுங்க" என்று அவரோடு நடந்து போய்ப் பாருங்கள். அடுத்த பழுதையும் அவர் உங்களிடம் வந்து சொல்வாரா என்பது அந்த நேரத்தில்தான் முடிவாகிறது.