முயலுக்கேற்ற ஆகாரம்

வீட்டில் முயல் வளர்ப்போர் அன்பு மிகுதியால் அதற்குக் காரட்டையும் தானியத்தையும் தாராளமாய்க் கொடுப்பதுண்டு. அவ்வன்பே அதன் உயிருக்கு அபாயமாய் முடியும்.

முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. நார் மிகுந்த புல்லை ஓயாமல் மென்றாலன்றி அவை தேயா. நீண்ட பற்கள் நாவையும் கன்னத்தையும் புண்படுத்தும். குடல் இயங்குவதும் நாரினாலேயே. மாச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் ஜீரணத்திற்கு உதவும் நுண்கிருமிகளின் நிலை கெட்டு வயிறு உப்பும். முயல் வாந்தியெடுக்க இயலாத பிராணி. ஆகவே தின்ற கேடு உள்ளேயே தங்கும்.

ஆகையால் அறுகு முதலிய பசும்புல்லோ உலர்ந்த புல்லோ கூண்டில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். குவிந்து கிடந்து சூடேறிய புல் ஆகாது. தினமும் சிறிது கீரை கொடுக்கலாம். காரட் எப்போதேனும் ஒரு சிறு துண்டு போதும். குதிரைமசால் குட்டிகளுக்கு நன்று. சுண்ணாம்புச்சத்து மிகுந்ததாகையால் வளர்ந்தவற்றுக்குக் குறைக்க வேண்டும். உருளைக்கிழங்குச் செடியின் இலை விஷம். சுத்தமான ஜலம் இடையறாது வேண்டும். புதிய ஆகாரத்தைச் சிறிது சிறிதாகவே பழக்குக.

முயல் தன் மெல்லிய புழுக்கையைத் தானே தின்பது நோயன்று. சத்துக்களை மறுமுறை பெறும் வழியேயாம். ஆனால் அரை நாள் இரையெடாதிருப்பின், தாமதியாது கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்க.